சிக்னலுக்குக் குறுக்கே நிற்கும் உடம்பு

கட்டடத்துக்குள் ஒருவர் எங்கே நிற்கிறார் என்று கண்டு சொல்லும் கருவிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு தொல்லை உண்டு: தேடப்படுகிற ஆளே தேடலுக்குக் குறுக்கே நிற்கிறார். சுவரும் தூணும் இரும்பு அலமாரியும் ரேடியோ அலையைக் கெடுக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவை வைத்த இடத்திலேயே இருக்கும். ஒருமுறை அளந்து குறித்துக்கொண்டால் போதும். மனிதர் அப்படியில்லை. நடப்பார், திரும்புவார், செல்பேசியைக் கையிலிருந்து சட்டைப் பைக்கு மாற்றுவார், யாரோடோ பேசிக்கொண்டே முதுகைக் காட்டி நிற்பார். ஒவ்வோர் அசைவிலும் சிக்னல் மாறுகிறது. ஆள் நகர்ந்துவிட்டார் என்று கருவி எடுத்துக்கொள்கிறது.

பொறியாளர்கள் இதை வழக்கமாக 'இரைச்சல்' கணக்கில் எழுதிவிடுகிறார்கள். நிறைய அளவுகளை எடுத்துச் சராசரி பார்த்தால் சரியாகிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரைச்சலுக்குத் திசை கிடையாது. உடம்பின் நிழலுக்குத் திசை உண்டு. தெற்கே பார்த்து நிற்பவரின் முதுகு எப்போதும் வடக்கேதான் இருக்கும். அவர் நெஞ்சருகே பிடித்திருக்கும் செல்பேசியில் ஆயிரம் முறை அளந்து சராசரி எடுத்தாலும், வடக்கே இருக்கும் ரௌட்டர் உள்ளதைவிடத் தள்ளி இருப்பதாகவே கணக்கு வரும்.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து தரைக்கு வரும் சிக்னல் ஏற்கெனவே குற்றுயிராகத்தான் வருகிறது. மேலே ஒரு கான்கிரீட் தளம் இருந்தால் மிச்ச உயிரும் போய்விடும். ஆகவே கட்டடத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் அலைகளைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: வைஃபை ரௌட்டர்கள், சுவரில் ஒட்டிவைக்கப்பட்டு விட்டுவிட்டுச் சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கும் ப்ளூடூத் பீக்கன்கள் என்ற சிறு கருவிகள். இவற்றிலிருந்து சிரமமில்லாமல் கிடைக்கும் எண், சிக்னல் எவ்வளவு பலமாக வந்து சேர்ந்தது என்பது. அதற்கென்று தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். எல்லாச் செல்பேசிகளும் அதை அளந்துகொண்டேதான் இருக்கின்றன.

அந்த எண் டெசிபல் கணக்கில் வரும். ரௌட்டருக்குப் பக்கத்தில் நின்றால் மைனஸ் 40 போலக் காட்டும். மைனஸ் 90ஐ நெருங்கும்போது இணைப்பு அறுந்துபோகும் நிலைக்கு வந்துவிடும். 3 டெசிபல் குறைந்தால் ஆற்றல் பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. தடையில்லாத வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். இதைத் தலைகீழாகப் போட்டுத்தான் தூரத்தைக் கணிக்கிறார்கள். இப்போது நடுவே ஓர் உடம்பு வந்து 10 டெசிபலை விழுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 மீட்டரில் இருக்கும் பீக்கன் கணக்கின்படி 6 மீட்டருக்கு அப்பால் போய் உட்கார்ந்துவிடும். ஓர் உடம்பு 10 டெசிபலை விழுங்குமா என்றால், தாராளமாக விழுங்கும்.

தசை, தண்ணீர், 12 சென்டிமீட்டர் அலை

ப்ளூடூத்தும் பழைய வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். அதன் கண்ணுக்கு மனிதர் என்பவர் உப்புத் தண்ணீர் நிரப்பிய ஒரு பீப்பாய். எலும்பு, நரம்பு, முகக்களை இதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. உடலின் வெவ்வேறு திசுக்கள் மின்புலத்துக்கு எப்படி நடந்துகொள்கின்றன என்று காப்ரியேலும் அவருடைய சகாக்களும் 1996இல் வெளியிட்ட அளவீடுகளைத்தான் இன்றும் இத்துறையில் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அதன்படி 2.45 கிகாஹெர்ட்ஸில் தசையின் மின்காப்பு மாறிலி (மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு ஈடுகொடுக்கிறது என்பதைக் காட்டும் எண்) 53 அளவில் இருக்கிறது. கொழுப்புக்கு 5தான். காற்றுக்கு 1. காற்றிலிருந்து தசைக்குள் நுழைய முயலும் அலைக்கு இவ்வளவு பெரிய வேறுபாடு கிட்டத்தட்ட ஒரு சுவர். வெறும் தசைப் பரப்பு என்று வைத்துக் கணக்கிட்டால், வந்த ஆற்றலில் பாதிக்கும் மேல் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது. தோல், கொழுப்பு, தசை என்று அடுக்கடுக்காக இருக்கும் உண்மையான உடம்பில் இந்தக் கணக்கு கொஞ்சம் ஆடும், போக்கு மாறாது.

உள்ளே நுழைந்த மிச்சத்தின் கதி இன்னும் மோசம். தசைக்குள் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் போவதற்குள் அலையின் வீச்சு மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இறங்கிவிடுகிறது. சென்டிமீட்டருக்குச் சுமார் 4 டெசிபல் இழப்பு. 20 சென்டிமீட்டர் தடிப்பு முழுவதும் தசை என்று கொண்டால் இழப்பு 80 டெசிபலை நெருங்கும், அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. உடம்பை ஊடுருவிக்கொண்டு சிக்னல் மறுபக்கம் வருகிறது என்ற பேச்சுக்கே இடமில்லை.

(மைக்ரோவேவ் அடுப்பும் இதே 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. தண்ணீர் மூலக்கூறு அந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு கொள்வதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது பரவலான கட்டுக்கதை. அறை வெப்பத்தில் தண்ணீர் மிக அதிகமாக உறிஞ்சுவது 20 கிகாஹெர்ட்ஸை ஒட்டித்தான். அடுப்பு நூற்றுக்கணக்கான வாட் ஆற்றலை ஒரு மூடிய பெட்டிக்குள் கொட்டுகிறது. வீட்டு ரௌட்டர் அனுப்புவதோ ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவில். யாரும் வேகப்போவதில்லை.)

அப்படியானால் முதுகைத் திருப்பி நிற்கும்போதும் செல்பேசியில் இணைப்பு ஏன் அறுவதில்லை? அலை சுற்றிவருகிறது. விளிம்பு விளைவால் தோள்களின் ஓரத்தில் வளைந்து வருகிறது. கொஞ்சம் தோலின் மேற்பரப்பை ஒட்டி ஊர்ந்து வருகிறது. மிச்சம் சுவரிலும் கூரையிலும் தரையிலும் பட்டுத் திரும்பி வருகிறது. இதனால்தான் 'உடம்பு எத்தனை டெசிபல் குறைக்கும்' என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. திறந்த மைதானத்தில் நிழல் ஆழமாக விழும், ஏனென்றால் பட்டுத் திரும்ப அங்கே எதுவும் இல்லை. நாற்காலி மேசைகள் நிறைந்த சிறிய அறையில் நாலா பக்கமும் இருந்து அலை வந்து நிழலை நிரப்பிவிடும். ஓரிரு டெசிபலிலிருந்து 20 டெசிபல் வரை எதுவும் நடக்கலாம்.

உடம்பு எந்த இடத்தில் குறுக்கே வருகிறது என்பதும் முக்கியம். இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்பது பலன் தரும். ரௌட்டருக்கும் செல்பேசிக்கும் இடையே 10 மீட்டர் என்று கொள்வோம். அலை ஒற்றை நூல் பிடித்தாற்போல நேர்கோட்டில் மட்டும் போவதில்லை. அந்தக் கோட்டைச் சுற்றி, நடுவில் பருத்து இரு முனைகளிலும் ஒடுங்கிய ஒரு வெளி முழுவதையும் பயன்படுத்திக்கொள்கிறது. இதற்கு ஃப்ரெனெல் மண்டலம் என்று பெயர். 2.4 கிகாஹெர்ட்ஸில் சரிபாதித் தூரத்தில் இதன் ஆரம் 56 சென்டிமீட்டர், அதாவது மொத்த அகலம் ஒரு மீட்டருக்கும் மேல். அங்கே 45 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒருவர் வந்து நின்றால் இரு பக்கமும் வழி இருக்கிறது. சில டெசிபல் குறையும், அவ்வளவுதான். சில சமயம், கோட்டுக்குச் சற்று விலகி நிற்பவரின் உடம்பில் பட்டுவரும் அலை நேரே வரும் அலையோடு சேர்ந்து சிக்னல் கூடுவதும் உண்டு. ஆனால் செல்பேசியிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இந்த மண்டலத்தின் ஆரம் வெறும் 19 சென்டிமீட்டர். அதே மனிதர் அங்கே நின்றால் முழுவதையும் அடைத்துவிடுகிறார்.

செல்பேசியிலிருந்து 30 சென்டிமீட்டரில் வழக்கமாக நிற்பவர் யார்? அதை வைத்திருப்பவர்தான். கூட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. வழியில் போகிறவர்கள் தொந்தரவு செய்கிறார்கள், உடையவரோ வாசலையே மறித்து நிற்கிறார்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். வைஃபை சிக்னலை எண்ணாகக் காட்டும் செயலிகள் ஆண்ட்ராய்டில் இலவசமாகக் கிடைக்கின்றன. ரௌட்டரிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி, முடிந்தால் மொட்டை மாடி போலத் திறந்த இடத்தில், செல்பேசியை நெஞ்சருகே பிடித்துக்கொண்டு ரௌட்டரைப் பார்த்து நில்லுங்கள். எண் ஒரு நிலைக்கு வந்ததும், கால் வைத்த இடத்தை மாற்றாமல் மெல்லத் திரும்புங்கள். பக்கவாட்டில் திரும்பும்வரை பெரிய மாற்றம் தெரியாது. முதுகு ரௌட்டர் பக்கம் வரும்போது எண் இறங்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றி மறுபடியும் செய்து பார்க்கலாம். அலைநீளம் 6 சென்டிமீட்டராகக் குறைவதால் தோளோரம் வளைந்து வருவதும் குறைகிறது, நிழல் அழுத்தமாக விழுகிறது. அதிவேக வைஃபை ஒன்றுக்கென ஒதுக்கப்பட்ட 60 கிகாஹெர்ட்ஸில், 5 மில்லிமீட்டர் அலைக்கு, மனித உடம்பு கிட்டத்தட்ட கதவைச் சாத்தியதற்குச் சமம்.

கைப்பிடி என்பது தனி வில்லங்கம். உடம்பு சற்றுத் தள்ளி நின்று நிழல்தான் விழச் செய்கிறது. கையோ ஆன்டெனாவையே தொட்டு அதன் சுருதியைக் கலைத்துவிடுகிறது. 2010இல் வெளிவந்த ஐஃபோன் 4இல் வெளிப்புற உலோகச் சட்டமே ஆன்டெனாவாக இருந்தது. கீழ் இடது மூலையில் உள்ளங்கை பட்டால் சிக்னல் சரிந்தது. அந்த ஜூலை மாதம் ஸ்டீவ் ஜாப்ஸ் பத்திரிகையாளர்களைக் கூட்டி விளக்கம் சொல்லி, வாங்கியவர்களுக்கெல்லாம் இலவச உறை தருவதாக அறிவிக்க வேண்டியிருந்தது. அழைப்பு அறுந்தால் மனிதர் கத்துவார், செய்தியாகும். இடம் கணிக்கும் செயலியில் அதே கை அதே வேலையைச் செய்தால் வரைபடத்தில் ஒரு புள்ளி நாலு மீட்டர் தாவும். யாருக்கும் காரணம் தெரியாது.

நான்கு திசை, எட்டுத் திசை

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் அல்ல. வைஃபையை வைத்துக் கட்டடத்துக்குள் இடம் காணலாம் என்று முதலில் செய்து காட்டியவர்களில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் பரம்வீர் பாலும் வெங்கட பத்மநாபனும் முக்கியமானவர்கள். 2000ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட 'ரேடார்' என்ற அமைப்பில், 43.5 மீட்டருக்கு 22.5 மீட்டர் அளவுள்ள ஒரு அலுவலகத் தளத்தில் மூன்று வைஃபை நிலையங்களை வைத்தார்கள். 70 இடங்களில் மடிக்கணினியோடு நின்று சிக்னலைப் பதிந்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை அல்ல, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு பக்கமும் திரும்பி நின்று பதிந்தார்கள். காரணம், ஒரே இடத்தில் திரும்பி நிற்பதாலேயே 5 டெசிபல் வரை மாறுவதை அவர்கள் அப்போதே பார்த்துவிட்டார்கள்.

பதிந்ததை வைத்து இடத்தைக் கணித்தபோது பாதிக்குப் பாதி கணிப்புகளில் பிழை 2.94 மீட்டருக்குள் நின்றது. பிறகு ஒரு விஷப்பரீட்சை செய்தார்கள். ஒரு திசையைப் பார்த்து நின்று எடுத்த பதிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு, நேரெதிர்த் திசையைப் பார்த்து நிற்பவரைத் தேடினார்கள். அந்த 2.94 மீட்டர் 4.90 மீட்டராக எகிறியது. ரௌட்டர், அறை, சுவர் எதுவும் மாறவில்லை. மாறியது முகம் பார்த்த திசை மட்டும்தான்.

2006இல் ஜெர்மனியின் மான்ஹைம் பல்கலைக்கழகக் குழு இதை அடுத்த படிக்குக் கொண்டுபோனது. எட்டுத் திசைகளில் பதிவு எடுத்து, பயனர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதை ஒரு மின்னணுத் திசைகாட்டியிடம் கேட்டுக்கொண்டு, அந்தத் திசைக்கான பதிவுகளோடு மட்டும் ஒப்பிட்டார்கள். அமைப்பின் பெயரே 'காம்பஸ்'. சராசரிப் பிழை 1.65 மீட்டருக்கு இறங்கியது. உடம்பின் நிழலை இரைச்சல் என்று தள்ளாமல், அதுவும் ஒரு தகவல்தான் என்று எடுத்துக்கொண்டதற்குக் கிடைத்த பலன் இது.

பிறகு ஏன் எல்லோரும் இப்படிச் செய்யவில்லை? உழைப்புதான் காரணம். இந்த முறைக்குக் கைரேகைப் பதிவு என்று பெயர்: கட்டடம் முழுவதும் ஒருவர் நடந்து, அடிக்கடி நின்று, அந்தந்த இடத்தின் சிக்னல் அடையாளத்தைப் பதிந்துவைக்க வேண்டும். ஒரு பெரிய வணிக வளாகத்தில் ஒரு திசையில் பதிவதே பல நாள் வேலை. எட்டுத் திசை என்றால் யார் கூலி கொடுப்பது? ஒருவர் ஒரு பக்கமாக நடந்துபோகும்போது எடுத்ததையே வைத்து ஒப்பேற்றிவிடும் ஆசை இயல்பானது. அந்தப் பதிவாளரின் முதுகு நிழல் வரைபடத்தோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். அவர் வேலையை முடித்துப் போன பிறகும், எதிர்த்திசையில் வரும் வாடிக்கையாளர் எல்லோரும் அவருடைய உடம்போடு ஒப்பிடப்படுவார்கள். கடை மூடிய பிறகு ஆளில்லாத நேரத்தில் பதிவு செய்தால் இன்னொரு சிக்கலும் சேரும்: மறுநாள் காலை ஆயிரம் பீப்பாய்கள் உள்ளே வந்துவிடும்.

திசைகாட்டியும் முழுத் தீர்வல்ல. கான்கிரீட்டுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பிகள் அதன் முள்ளை இழுக்கும். அதைவிடப் பெரிய குறை, செல்பேசி பார்க்கும் திசை வேறு, ஆள் பார்க்கும் திசை வேறு. கால்சட்டைப் பையில் தலைகீழாகக் கிடக்கும் செல்பேசிக்கு உடம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? நடையின் அதிர்விலிருந்து ஊகிக்கலாம். பீக்கன்களைச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒட்டாமல் கூரையில் பொருத்தினால் பக்கத்தில் நிற்பவர்களின் நிழல் பெரும்பாலும் ஒழியும். சொந்த உடம்பின் நிழலும் ஓரளவு குறையும். இருப்பதற்குள் மலிவான வைத்தியம் இதுதான் என்பேன்.

நிஜ மனிதர்களை வைத்துச் சோதிப்பதும் லேசான காரியம் அல்ல. மணிக்கணக்கில் யார் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள்? 2012இல் போயிங் நிறுவனம் விமானத்துக்குள் வைஃபை எப்படிப் பரவுகிறது என்று அளக்க, பயணிகளுக்குப் பதிலாக உருளைக்கிழங்கு மூட்டைகளை இருக்கைகளில் உட்கார வைத்தது. பழைய விமானம் ஒன்றில் 20,000 பவுண்டு, அதாவது 9 டன் கிழங்கு. ரேடியோ அலைக்கு உருளைக்கிழங்கு கிட்டத்தட்ட மனிதரைப் போலவே நடந்துகொள்கிறது. தண்ணீரும் உப்பும்தானே இரண்டிலும். தின்பண்டம் கேட்காது, எழுந்து நடக்காது.

இரண்டு மீட்டரை அளக்கப் போனபோது

இந்த நிழல் ஊருக்கெல்லாம் தெரியாமலேயே பெரிய அளவில் விளையாடியது 2020இல். கொரோனா பரவத் தொடங்கியதும், யார் யாருக்கு அருகில் இருந்தார்கள் என்று செல்பேசிகளைக் கொண்டே கண்டுபிடிக்கலாம் என்ற யோசனை உலகம் முழுவதும் பற்றிக்கொண்டது. சிங்கப்பூர் மார்ச் 20 அன்று 'டிரேஸ்டுகெதர்' செயலியை வெளியிட்டது. இந்தியாவில் ஏப்ரல் 2 அன்று 'ஆரோக்கிய சேது' வந்தது. ஏப்ரல் 10 அன்று ஆப்பிளும் கூகுளும் கைகோத்து ஒரு பொது ஏற்பாட்டை அறிவித்தன. எல்லாவற்றின் அடியிலும் இருந்தது ப்ளூடூத் சிக்னலின் பலம். பல நாடுகள் வைத்துக்கொண்ட அளவுகோல், 2 மீட்டருக்குள் 15 நிமிடம்.

2 மீட்டரா 4 மீட்டரா என்று பிரித்தறிய, தடையற்ற வெளியில் சிக்னலில் இருக்கும் வேறுபாடு 6 டெசிபல். ஒருவர் திரும்பி நின்றாலே 10 டெசிபல் மாறக்கூடிய உலகத்தில் இந்த 6 டெசிபலை நம்பி இறங்கினார்கள். செல்பேசிக்குச் செல்பேசி ஆன்டெனாவும் அனுப்பும் ஆற்றலும் வேறுபடுவது இதற்கு மேல். மாடல்வாரியாக அளந்து திருத்தம் செய்ய முடிந்தது அந்த ஒன்றைத்தான். உடம்பைத் திருத்த முடியாது.

ஒரு காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். இருவர் ஒரு மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நின்று பேசுகிறார்கள். இருவர் செல்பேசியும் கால்சட்டையின் பின்பையில். இரண்டு செல்பேசிகளுக்கும் நடுவே இப்போது இரண்டு உடம்புகள். சிக்னல் படுத்துவிடும், கருவி 'தூரத்தில் இருக்கிறார்கள்' என்று சொல்லும். கிருமிக்கோ இதைவிட வசதியான இடைவெளி கிடையாது, மூச்சு நேருக்கு நேர் போகிறது. அதே இருவர் பேச்சை முடித்துக்கொண்டு முதுகோடு முதுகாக, அதே ஒரு மீட்டரில், இரண்டு வெவ்வேறு வரிசைகளில் நிற்கிறார்கள். செல்பேசிகள் ஒன்றையொன்று தடையின்றிப் பார்க்கின்றன. சிக்னல் துள்ளும், 'மிக அருகில்' என்று பதிவாகும். கிருமிக்கு இது அவ்வளவு சாதகமான நிலை அல்ல. ஆக, பின்பையில் செல்பேசி வைப்பவர்களைப் பொறுத்தவரை கருவி வெறுமனே தவறவில்லை, ஆபத்தைத் தலைகீழாகப் படித்தது. சட்டைப் பையில் வைப்பவர்களுக்கு நேர் எதிர். கைப்பைக்குள் வைப்பவர்களுக்கு, அந்தப் பை எந்தத் தோளில் தொங்குகிறது என்பதைப் பொறுத்தது.

டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டக் லீத், ஸ்டீபன் ஃபாரல் இருவரும் அந்த ஆண்டே இதை அளந்து பார்த்தார்கள். செல்பேசியின் கிடப்பு, உடம்பின் உறிஞ்சல், கட்டடத்திலும் வண்டியிலும் பட்டுத் திரும்பும் அலைகள் எல்லாம் சிக்னலை எவ்வளவு ஆட்டுகின்றன என்று முதலில் எழுதினார்கள். பிறகு டப்ளினில் ஓடும் வகையைச் சேர்ந்த ஒரு டிராம் வண்டிக்குள் தன்னார்வலர்களைச் செல்பேசிகளோடு உட்காரவைத்து, ஆப்பிள்–கூகுள் ஏற்பாடு தரும் அளவுகளைப் பதிந்தார்கள். சுவிட்சர்லாந்தும் ஜெர்மனியும் பயன்படுத்திய விதியைப் போட்டுப் பார்த்தபோது ஓர் எச்சரிக்கைகூட எழவில்லை, ஏறத்தாழ பாதி இணைகள் உண்மையில் 2 மீட்டருக்குள் இருந்தும். இத்தாலியின் விதி பாதிப் பேரைச் சரியாகப் பிடித்தது. பிடிக்கக் கூடாதவர்களிலும் பாதிப் பேரைப் பிடித்தது. குருட்டாம்போக்கில் அறிவித்திருந்தாலும் இதே அளவுக்குத்தான் சரியாக வந்திருக்கும். அந்த வண்டியில் பெருங்குற்றவாளி உலோகச் சுவர்கள்தான், உடம்பு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து தூரத்துக்கும் சிக்னலுக்கும் இருந்த உறவைக் கிட்டத்தட்ட அறுத்துவிட்டன.

பலத்தை விட்டுவிட்டு நேரத்தை அளக்கலாமே என்பது அடுத்த யோசனை. அலை ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும். போய்த் திரும்பும் நேரத்தைத் துல்லியமாக அளந்தால் பலம் குறைந்தாலும் கவலையில்லை. 2019இல் ஐஃபோன் 11இலும், 2021இல் தொலைந்த பொருளைத் தேட உதவும் ஏர்டேக் வில்லையிலும் வந்த அல்ட்ரா வைட்பேண்ட் இந்த வகை. திறந்த இடத்தில் பத்துப் பதினைந்து சென்டிமீட்டருக்குள் சரியாகச் சொல்லிவிடும். ஆனால் இது 6.5, 8 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்குவதால் உடம்பின் நிழல் இன்னும் கறுப்பு. நேரே வர வேண்டிய முதல் அலை உடம்பைச் சுற்றிவந்து நலிந்துபோய் வாசலில் நிற்கும். ஏற்பி அதைக் கவனிக்காமல், சுவரில் பட்டு 10 நானோ நொடி தாமதமாக, ஆனால் தெம்பாக வரும் இரண்டாவது அலையை முதலாவது என்று எண்ணிவிடும். தூரம் 3 மீட்டர் கூடிவிடும். கவனிக்க வேண்டியது, இந்தப் பிழை எப்போதும் கூடுதலாகவே வரும், குறைவாக வராது. உடம்பு எந்த அலையையும் சீக்கிரம் வரவைப்பதில்லை. சராசரி எடுக்கிறவர்களுக்கு இங்கேயும் ஏமாற்றம்தான்.

கருவியை உடம்பில் எங்கே மாட்டுவது என்பதுதான் இங்கே நடைமுறைத் தந்திரம். இடுப்பில் மாட்டினால் பாதி உலகம் மறையும்; தலைக்கவசத்தின் உச்சியில் மாட்டினால் அநேகமாக எதுவும் மறையாது. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் 2014 முதல் வீரர்களின் நகர்வைப் பதிய, தோள்பட்டை உறைக்குள் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாகச் சில்லுகளை வைக்கிறது. ஒரு தோள் மறைந்தாலும் மற்றது தெரியும். விற்பனைத் துண்டறிக்கைகளில் வரும் 'பத்து சென்டிமீட்டர் துல்லியம்' என்பதைப் படிக்கும்போது, அந்த அளவை எடுத்தபோது கருவி மனிதர் மேல் இருந்ததா, முக்காலி மேல் இருந்ததா என்று கேட்டுவிடுவது நல்லது.

செல்பேசியே இல்லாத ஆள்

நிழலை ஒழிக்க இவ்வளவு பாடுபட்டவர்களுக்கு நடுவே, நிழலையே பிடித்துக்கொண்டால் என்ன என்று யோசித்தவர்களும் இருந்தார்கள். அறையின் நாலு பக்கமும் ரேடியோக்களை வைத்து, எந்தெந்த இணைப்புகளில் சிக்னல் விழுகிறது என்று பார்த்தால், குறுக்கே நிற்பவரின் இடம் தானாகக் கிடைத்துவிடும். அவர் கையில் எதுவும் இருக்க வேண்டியதில்லை. 2007இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் முஸ்தஃபா யூசுஃபும் சகாக்களும் இதை ஒரு தனி ஆய்வுத் துறையாகவே முன்வைத்தார்கள். 2010இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் ஜோயி வில்சனும் நீல் பட்வாரியும் ஒரு சதுரத்தைச் சுற்றி 28 சிறு ரேடியோக்களை நிறுத்தினார்கள். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் பேசினால் 378 கோடுகள். ஒரு மனிதர் உள்ளே நின்றால் அவற்றில் சில மங்கும். மங்கிய கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஆள் இருக்கிறார். மருத்துவமனை சிடி ஸ்கேன் உடம்புக்குள் பார்க்கும் அதே கணிதம்தான் இங்கே அறைக்குள் பார்க்கிறது.

2013இல் அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த ஃபாதில் அதீபும் தீனா கதாபியும் வைஃபை அலைகளைக் கொண்டு மூடிய அறைக்குள் ஆட்கள் நடமாடுவதைச் சுவருக்கு வெளியே இருந்து கண்டார்கள். அதற்குச் சற்று முன், 2011இல், ஒரு சாதாரண இன்டெல் வைஃபை அட்டையிலிருந்து சிக்னலின் நுண்விவரங்களை வெளியே எடுக்கும் மென்பொருள் பொதுவெளிக்கு வந்திருந்தது. மொத்தப் பலம் என்ற ஒற்றை எண்ணுக்குப் பதில், அலைவரிசைக்குள் 30 இடங்களில் வீச்சும், அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லும் கட்டமும் கிடைத்தன. அதன்பின் இந்தத் துறை கட்டுக்கு அடங்காமல் வளர்ந்தது.

மூச்சைக்கூட அளக்கலாம் என்று சொல்லும்போது பலரும் நம்ப மறுப்பார்கள். கணக்கு எளிது. மூச்சு வாங்கும்போது நெஞ்சு 5 மில்லிமீட்டர் முன்னே வருகிறது என்று கொள்வோம். நெஞ்சில் பட்டுத் திரும்பும் அலையின் பாதை, போக 5, வர 5 என்று 10 மில்லிமீட்டர் குறைகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் 6 சென்டிமீட்டர் அலைநீளத்தில் அது ஆறில் ஒரு பங்கு. ஒரு முழு அலையை 360 பாகை என்று கொண்டால், கட்டம் 60 பாகை மாறுகிறது. நிமிடத்துக்குப் பதினைந்து முறை ஒரே சீராக 60 பாகை ஆடும் ஒன்றைக் கண்டுபிடிப்பது ஒன்றும் மாயவித்தை இல்லை. ஒருவர் அசையாமல் படுத்திருக்கும் அறையில் நன்றாக வேலை செய்யும். இருவர் இருந்தாலோ ஒருவர் எழுந்து நடந்தாலோ குழம்பும். மேலே ஓடும் மின்விசிறியும் தன் பங்குக்கு அலையைக் கலைக்கும், ஆனால் மூச்சைவிட வெகு வேகமாக. அதைப் பிரித்துத் தள்ளிவிட முடிகிறது.

வைஃபைத் தரநிலைகளை வகுக்கும் ஐஇஇஇ அமைப்பு இதற்கென்றே 802.11பிஎஃப் என்ற திருத்தத்தை 2025இல் முடித்து வெளியிட்டது. உணர்வதற்காகவே அளவெடுத்து, அந்த அளவுகளைக் கருவிகள் ஒன்றோடொன்று பரிமாறிக்கொள்ளும் முறை அதில் வகுக்கப்பட்டிருக்கிறது. முதியவர் தனியாக இருக்கும் வீட்டில் அவர் விழுந்துவிட்டாரா என்று கேமரா வைக்காமல் அறியலாம் என்பது இதை ஆதரிப்பவர்கள் முதலில் சொல்லும் பயன். நியாயமான பயன்தான். ஆனால் இருபது ஆண்டுகளாக 'பிழை' என்ற தலைப்பில் அடங்கிக் கிடந்த ஒன்று இப்போது ஒரு வசதியாக விற்பனைக்கு வருகிறது. ஆரோக்கிய சேதுவை வேண்டாம் என்றால் செல்பேசியிலிருந்து நீக்க முடிந்தது. டிரேஸ்டுகெதர் பிடிக்காவிட்டால் ப்ளூடூத்தை அணைக்க முடிந்தது. பக்கத்து வீட்டு ரௌட்டரின் அலை நம் வீட்டுச் சுவரைத் தாண்டி வந்து நம் நெஞ்சில் பட்டுத் திரும்பும்போது, அணைக்க நம் பக்கத்தில் எந்தப் பொத்தானும் இல்லை.